‘போதாது’ என்று எழுதிய பரமேஸ்வரி

லிட்டில் இந்தியாவில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரியின் தம்பி சேகர் அழைத்தான். “அண்ணே, அக்கா போயிட்டாங்க.” வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாரடைப்பு. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். என்னால் வண்டியை நகர்த்த முடியவில்லை.

பொறியாளர் பரமேஸ்வரியை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். புதிய குடியிருப்புகள் எழும்போது, ஊரின் குடிநீர் அவற்றுக்கும் போதுமா என்று ஆராய்ந்து சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. பல ஆண்டுகள் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவருடைய சிரிப்பும் கோபமும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு.

ஆயர் ஈத்தாம் பக்கம் மலைச்சரிவில் ஒரு நிறுவனம் அடுக்குமாடிகள் கட்டத் திட்டமிட்டது. மழைக்காலத்தில் எடுத்த அளவுகளைக் கொடுத்து, தண்ணீர் போதும் என்று எழுதித் தரச் சொன்னது. “மழையில எடுத்த ரீடிங்க நம்பி வெயில்ல ஆள குடி வைக்க முடியாது குமார்” என்றார் பரமேஸ்வரி.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் வரை காத்திருந்தார். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் வீடு கழுவும் காலை. அதே சரிவில் இருந்த பழைய அடுக்குமாடியின் உச்சித் தளத்தில், ஓர் அம்மாவின் வீட்டுக் குழாயில் அழுத்தமானியைப் பொருத்திவிட்டு நின்றோம். கீழே வீடுகள் விழிக்க விழிக்க முள் இறங்கியது. சமையலறைக் குழாய் இருமிவிட்டு நின்றது.

“இப்பவே இப்படிலா. பக்கத்துல இன்னும் பிளாக் வந்தா நாங்க எங்க போறது?” என்றார் அந்த அம்மா.

பரமேஸ்வரியின் முகம் வெளிறியிருந்தது. காரணத்தை லிஃப்டில் சொன்னார். புதிய திட்டத்தில் சேகர் ஒரு வீட்டை முன்பதிவு செய்திருந்தான். அவன் கல்யாணமே அந்த வீட்டுக்காகத்தான் காத்திருந்தது.

அதை மறைக்காமல் எங்கள் இயக்குநரிடமும் சொன்னார். கட்டுமான நிறுவனத்தாரும் அமர்ந்திருந்த கூட்டத்தில் இயக்குநர் அதையே கையில் எடுத்தார்.

“உங்க தம்பிக்கும் நல்லதுதானேம்மா. போதும்னு போட்டுடுங்க.”

“நாளைக்கு அவன் குளிக்கப் போற தண்ணி சார் அது. இல்லாதத இருக்குன்னு எழுத மாட்டேன்.”

“அப்ப வேற ஆள வெச்சு எழுதிக்கிறோம்.”

“எழுதுங்க. என் ரீடிங்க, அனுமதி குடுக்கிற மாநகர் மன்றத்துல நானே கொண்டுபோய்க் குடுப்பேன்.”

நிறுவனத்தார் எழுந்து போனார்கள். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, “அப்படியே அனுப்புங்க” என்றார்.

புதிய நீர்த்தொட்டியும் பெரிய குழாயும் அமையும்வரை தண்ணீர் போதாது என்று அறிக்கை போனது. அனுமதி நின்றது. சேகர் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். “ஊர்ல இத்தன பில்டிங் இருக்கு. என் வீட்டுலதான் கைய வெப்பியாக்கா?”

“குழாய் வரட்டும்டா” என்றார் அவர். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை. கல்யாணத்தை வாடகை வீட்டில் வைத்துக்கொண்டான். தீபாவளிக்கும் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தொட்டி கட்டி, குழாய் பதித்து, மாடிகள் எழும்பிக் குடிபோன பிறகும் இருவருக்கும் பேச்சு சரியாகவில்லை.

நேற்று புக்கிட் மெர்தாஜாமில், இறுதிச் சடங்கு நடந்த வீட்டில், சேகர் என்னைத் தனியே இழுத்துப் போனான். “காலைல குளிக்க பைப்ப தொறந்தேன் அண்ணே. அவ்ளோ மேல, அவ்ளோ வேகமா வந்துச்சு. அங்கேயே உக்காந்துட்டேன். தண்ணி நல்லா வருதுக்கான்னு ஒரு தடவகூட அக்காகிட்ட சொல்லலையே.”

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துணிச்சல்காரர், பயமே அறியாதவர் என்று அங்கே பலரும் பேசினார்கள். நிறுவனத்தாரோடு அன்று நடந்த கூட்டம் முடிந்ததும் நான்தான் அவருடன் கார் வரை போனேன். கதவைத் திறக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. “பயமா இருக்கு குமார். வேலை போயிடும்போல. நீ ஓட்டுறியா?” என்றார். ஓட்டினேன். வீடு வரும்வரை கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தார். எழுதியதை மாற்றலாமா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. எல்லோரும் அவருடைய துணிச்சலை வைத்துக்கொள்ளட்டும். அந்தக் கைகளின் நடுக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.