வாயில்லாப் பூச்சி

ஊர் ஓரத்துக் காட்டில் பாதை கூட்டுவது அவர் வேலை. வீட்டிலும் வெளியிலும் அவருக்கு ஒரே பெயர்: வாயில்லாப்பூச்சி. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், மன்னிப்புக் கேட்பதும் அவராகத்தான் இருக்கும்.

குளிர் தொடங்கியபோது வன அதிகாரி சொன்னார். "பெரிய ஆளுங்க பார்க்க வர்றாங்க. ஒரு சருகு கண்ணுல படக் கூடாது."

"சரிங்க."

கூட்டிக் குவித்த சருகில் இரண்டு இலைகள் நூலால் தைத்தது போல ஒட்டியிருந்தன. கையில் எடுத்தார். உள்ளே விட்டில் புழு போல ஏதோ நெளிந்தது. குவியலைக் கிளறினால் அதே போல இன்னும் நிறைய. கேட்டுப் பார்க்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தீ வைத்தார். விட்டில் தானாகப் போய் நெருப்பில் விழும் என்பார்கள். இவை தானாக விழவில்லை.

குளிர் விடும் நேரத்தில் விட்டில்களை ஆராயும் பெண் ஒருத்தி வந்தாள். பாதை காட்டப் போனவரிடம் அவளே விளக்கினாள்.

"இந்த விட்டில் இந்தப் புதர்ல மட்டும்தான் முட்டை வைக்கும். புழு இலையைத் தின்னு வளர்ந்து, கீழ இறங்கி, ரெண்டு சருகைத் தெச்சுக்கிட்டு உள்ளயே தூங்கும். குளிர் போனதும் றெக்கையோட வரும். அப்புறம் கொஞ்ச நாள்தான். சாப்பிட வாயே கிடையாதுங்கய்யா. நெசமாவே வாயில்லாப்பூச்சி."

அவருக்குச் சுருக்கென்றது.

"முன்னாடி இங்க அள்ள அள்ளக் கிடைக்கும். போன வருஷம்கூட இருந்துச்சு, இப்ப ஒண்ணுகூட இல்ல. மழை ஏமாத்திடுச்சு போல."

"ஆமாங்க" என்றார், பழக்கதோஷத்தில்.

அந்தப் பக்கம் வந்த அதிகாரி, எதிரே இருந்த சரிவைக் கை நீட்டிக் காட்டினார். "அந்தச் சரிவு மட்டும் பாக்கி. நாளைக்குக் கூட்டிடு."

சருகு மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான். 'சரிங்க' வாய்க்கு வரவில்லை.

"மாட்டேங்க."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "மழை இல்லம்மா. நான்தான் கொளுத்தினேன். உள்ள உசிரு அசைஞ்சுது. தெரிஞ்சேதான் கொளுத்தினேன்."

அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இருவரும் சாயங்காலம் வரை சரிவைப் புரட்டினார்கள். தைத்த சருகு ஒன்றே ஒன்று கிடைத்தது.

"இது போதுமாம்மா?"

"ஜோடி வேணுமேய்யா."

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி சிரித்தாள். "அதிகாரியையே எதுத்துப் பேசினீங்களாமே! வாய் மொளச்சிருச்சா?"

"மொளச்சிருச்சு" என்றார். "எல்லாம் எரிஞ்சப்புறம்."