டேவி லவியின் வெள்ளிச் சங்கிலி

மக்டஃப் துறைமுகத்துக்கு மேலே ஏறும் செங்குத்தான தெருவில் மூன்றாவது வீடு கில்பர்ட் வைஸ்மனுடையது. வயது ஐம்பத்தேழு. இருபத்தேழு வருஷமாகத் தபால் வண்டி ஓட்டுகிறார். மழையானாலும் பனியானாலும் பண்ணை வீடுகளின் வாசல்வரை போய்க் கடிதத்தைக் கொடுத்துவிடுவார், ஒரே ஒரு பண்ணையைத் தவிர. அங்கே நாயைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். அந்த வீட்டுத் தபாலை மட்டும் வெளிக் கதவிலேயே செருகிவிட்டுத் திரும்பிவிடுவார். "இவ்வளவு பெரிய ஆளு, பல்லு போன நாய்க்குப் பயப்படறாரு பாரு" என்று ஊரில் சிரிப்பார்கள். கில்பர்ட்டும் சேர்ந்து சிரிப்பார். அவர் பயந்தது நாய்க்கு இல்லை.

மகள் ரோனா சின்னவளாக இருந்தபோது அவளை ஒருநாள்கூடச் சங்கிலி ஊஞ்சலில் வைத்து ஆட்டியதில்லை. பூங்காவுக்கு அவளை அழைத்துப்போனதெல்லாம் மனைவி எல்ஸ்பெத்தான். ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று எல்ஸ்பெத் கேட்டதும் இல்லை. கடலை விட்டு வந்த ஆண்களிடம் சிலவற்றைக் கேட்பதில்லை என்பது அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான்.

இப்போது ரோனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஈவன், டேவி லவியின் மகன். டேவியும் கில்பர்ட்டும் ஒரே இழுவலை மீன்படகில் வேலை பார்த்தவர்கள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பிப்ரவரியில் டேவி கடலோடு போனான். உடல் கிடைக்கவேயில்லை. ஈவன் அப்போது எட்டு மாதக் குழந்தை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு மத்தியானம் ஈவனின் தாய் நெட்டா வந்தாள். கில்பர்ட்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். எல்ஸ்பெத் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள், மடியில் வைத்திருந்த துணிப்பொட்டலத்தை மேஜைமேல் அவிழ்த்தாள். உள்ளே ஒரு ஸ்போரன். ஆண்கள் விசேஷத்துக்கு உடுத்தும் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடையான கில்ட்டுக்கு முன்னால் இடுப்பிலிருந்து தொங்கவிடும் பை. கடல்நாய்த் தோல், மேலே வெள்ளி விளிம்பு. அதன் பின்னாலேயே அதைக் கட்டும் வெள்ளிச் சங்கிலி சரசரவென்று வழிந்து மேஜையில் குவிந்தது.

கில்பர்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். கையில் வைத்திருந்தால் சிந்தியிருக்கும்.

"எங்க கல்யாணத்துக்கு டேவி கட்டினது" என்றாள் நெட்டா. "ரோனா கையப் புடிச்சு நீ கூட்டிட்டு வர்றப்ப இது உன் இடுப்புல இருக்கணும். அவன் இருந்திருந்தா அவனே கொண்டாந்து கட்டிவிட்டிருப்பான்."

"பை அழகா இருக்கு நெட்டா. ஆனா, நான் தோல் வாருல கட்டிக்கறேனே. எங்கிட்டயே ஒண்ணு இருக்கு."

"தோல் வாரா?" என்றாள் எல்ஸ்பெத். "நீ போறது பொண்ணு கல்யாணத்துக்கா, ஆட்டுச் சந்தைக்கா?"

"சங்கிலி உரசி உரசி இடுப்புப் பக்கம் கம்பளி தேஞ்சிடும்."

"ஒரே நாள்ல தேஞ்சிடுமாப்பா?" என்று ரோனா சிரித்தாள். நெட்டாவும் சிரித்தாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் பக்கத்து ஊரில் கில்ட் தைக்கும் கடைக்குப் போனார். கடைக்காரம்மா தோல்தான் சரி என்று சொல்லிவிட்டால் வீட்டில் அதையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

"வெள்ளி விளிம்பு வச்ச பையா? கறுப்புக் கோட்டா? அப்ப சங்கிலிதான்" என்றாள் அவள். "பகல்ல சும்மா போடறதுக்குத்தான் தோலு."

"கறுப்புத் தோலாயிருந்தா?"

"கட்டலாம், யாரும் அடிக்க வரமாட்டாங்க. சாப்பிட்டப்புறம் ஒரு ஓட்டை தளர்த்திக்கறதுக்கும் வசதி. உக்காந்தா சத்தம் வராது. ஆனா வீட்லயே நல்ல சங்கிலி இருக்கறப்ப அதப் போட்டாத்தானே மரியாதை? என்ன, அறுந்திருக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பின்புறக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சங்கிலியை இடுப்பில் மாட்டினார். வாசலிலிருந்து அலமாரிவரை பத்தடி. அதை நடந்து பார்த்துவிட்டால் தேவாலயத்திலும் நடந்துவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நாலாவது அடியில் சங்கிலி தொடையில் பட்டுச் சலசலத்தது. அந்த நொடியே அவர் படகில் இருந்தார்.

வலை இறங்கிக்கொண்டிருக்கிறது. வலையின் அடிச்சங்கிலி பின்புறத்து விளிம்பு வழியாகச் சடசடவென்று கடலுக்குள் ஓடுகிறது. அதன் ஒரு வளையம் டேவியின் பூட்ஸைச் சுற்றிக் கிடப்பது கில்பர்ட்டின் கண்ணில் படுகிறது. டேவி பார்க்கவில்லை. மூன்று எண்ணும் நேரம் இருக்கிறது. கில்பர்ட் வாயைத் திறக்கிறார். குரல் வரவில்லை. தொண்டையை யாரோ பிடித்து முறுக்கியதுபோலக் காற்றுகூட வரவில்லை. பிறகு டேவி நின்ற இடத்தில் ஈரப் பலகை மட்டும்.

விசாரணையில் கேட்டார்கள். "நான் திரும்பி நின்னுட்டிருந்தேன். பாக்கல" என்று சொன்னார். அதை எல்லோரும் நம்பினார்கள்.

கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே மண்டிபோட்டு வாந்தியெடுத்தார். கல்யாணத்தன்று முந்நூறு கண்கள் பார்க்க, மகள் கையைப் பிடித்தபடி இப்படி விழுந்தால்? விழுந்து, வாய்விட்டு உளறினால்? தன் அப்பாவைச் சாகவிட்டவர் இவர்தான் என்று அங்கே வைத்தா ஈவனுக்குத் தெரிய வேண்டும்?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தபால் வண்டியை நெட்டாவின் வீட்டு முன் நிறுத்தினார். சங்கிலியைக் கையில் எடுக்க முடியாமல், சத்தம் வராதபடி ஸ்போரனோடு சேர்த்துத் துண்டில் இறுகச் சுற்றி எடுத்துப்போனார்.

நெட்டா கைகளில் மாவோடு கதவைத் திறந்தாள். அவர் உள்ளே போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பூட்ஸைச் சுற்றிய வளையம், மூன்று எண்ணும் நேரம், வராத குரல், விசாரணையில் சொன்ன பொய். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவள் விரல்களில் காய்ந்துகொண்டிருந்த மாவையே பார்த்தார்.

"பாத்தியா?" என்று கேட்டாள் நெட்டா.

"பாத்தேன்."

"பாத்துட்டு, இத்தன வருஷமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்க வீட்டுக்கு வந்து கேக் தின்னியா?"

அவள் அந்தத் துண்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு கல்யாணத்துக்குப் பதினொரு நாள். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் கில்பர்ட்டே முதலில் ஓடிப்போய் எடுப்பார். ரோனா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், தெரிந்துபோயிருக்குமோ, அழுதுகொண்டு வருகிறாளோ என்று எழுந்து நிற்பார். அவள் பூக்களைப் பற்றியும் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருவது என்பதைப் பற்றியும்தான் பேசினாள். "அப்பா, உனக்குக் காய்ச்சலா?" என்று இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எல்ஸ்பெத் கேட்டபோது, பையையும் சங்கிலியையும் துலக்குவதற்கு நெட்டா வாங்கிப் போயிருக்கிறாள் என்றார். இன்னொரு பொய்.

கல்யாணத்தன்று மத்தியானம் தேவாலயத்தின் பக்கத்து அறையில் அவர் தனியாக நின்றிருந்தார். கில்ட், கறுப்புக் கோட்டு, இடுப்பில் தன்னுடைய பழைய பழுப்பு வாரில் தொங்கும் ஒரு சாதாரணப் பை. கதவு திறந்தது. நெட்டா. நீல உடை, தலையில் தொப்பி. எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

அவள் கைப்பையைத் திறந்து டேவியின் ஸ்போரனை எடுத்தாள். அதில் புதிய கறுப்புத் தோல் வார் கோத்திருந்தது.

"கைய மேல தூக்கு" என்றாள்.

தூக்கினார். அவள் பழைய பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதிய வாரை அவர் இடுப்பைச் சுற்றி இழுத்துக் கொக்கியை மாட்டினாள்.

"சங்கிலிய ஈவனுக்குக் குடுத்துட்டேன். அவங்கிட்ட ஒண்ணும் சொல்லல. அத நீதான் சொல்லணும். இன்னிக்கில்ல."

"நெட்டா..."

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. எனக்கே தெரியல. பொண்ணு வெளிய காத்துட்டிருக்கா, போ."

ரோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். முன்னால் ஈவன் நின்றிருந்தான். அவன் அசையும்போதெல்லாம் சங்கிலி சலசலத்தது. பக்கத்தில் போகப் போகச் சத்தம் பெரிதானது. கில்பர்ட்டின் முதுகு வேர்வையில் நனைந்துவிட்டது. ஆனாலும் விழவில்லை. மகளின் கையை ஈவனின் கையில் வைத்தபோது அவன் மெல்ல, "உக்காருங்க, முகம் வெளுத்துப்போச்சு" என்றான். போய் உட்கார்ந்தார்.

விருந்தில் நெட்டாவுக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. யாரும் மாற்றி வைக்கவில்லை. சூப் வந்தது. அவள் கரண்டியை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் காலைல டேவி என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டாள். "யார்கிட்டயும் கேக்க முடியல. நீ பாக்கலன்னு சொல்லிட்டே, அதனால உங்கிட்டயும் கேக்கல."

கில்பர்ட் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு வெண்ணெய் ரொட்டி. என்னோடதுலயும் பாதியப் பிச்சிக்கிட்டான். டீ கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னு சமையல்காரன வஞ்சான்."

"அப்புறம்?"

அவர் சொல்லத் தொடங்கினார். சூப் ஆறிப்போனது. நெட்டா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.