மழையும் நீதான், காய்ச்சலும் நீதான் என்று கத்தினேன்

என் மகளின் கண்கள் மேலே செருகிக்கொண்டபோது ஆற்றின் மேல் பாலம் இல்லை. விடிவதற்குள் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. உடம்பு விறைத்து, பல் கிட்டி, கையும் காலும் உதறின. அவளை மடியில் போட்டுக்கொண்டு பலகைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்கத்தான் கடல் தாண்டி வந்தேனா என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

நம் தாயின் கோயிலுக்கு வரும் சகோதரிகளே, சகோதரர்களே, என் பெயர் வாணி. போன ஆடித் திருவிழாவில் மகளோடு சேர்ந்து பால்குடம் எடுத்துவிட்டுச் சந்நிதியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதவள் நான்தான். ஏன் அழுகிறாய் என்று பலர் வந்து கேட்டீர்கள். அன்று சொல்ல முடியவில்லை. கோயில் மலருக்கு எழுதித் தரச் சொன்னதால் இப்போது சொல்கிறேன்.

நான் பிறந்தது கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். என் கணவர் சரவணன் அதே தோட்டத்தின் எண்ணெய் ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்மேன். தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். ஆலையையும் மூடினார்கள். பாய்லர் வேலை தெரிந்தவருக்கு வேறு என்ன வேலை தெரியும்? அங்கும் இங்கும் அலைந்து பார்த்தார். அப்போதுதான் அவரோடு முன்பு வேலை செய்த ஒருவர் பப்புவா நியூ கினியிலிருந்து போன் செய்தார். அங்கே பெரிய செம்பனைத் தோட்டம், ஆலை இருக்கிறது, அனுபவமுள்ள பாய்லர்மேன் வேண்டும், குடும்பத்துக்கு வீடும் தருவார்கள் என்றார்.

"நமக்குத் தெரிஞ்ச வேலதானே லா," என்றார் என் கணவர். "அதே மரம், அதே மில்லு, அதே பொக. என்னா பயம் ஒனக்கு?"

பயம்தான். முதல் நாளிலிருந்தே பயம். தெரியாத ஊர், தெரியாத பாஷை. நான் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. மலேசியாவிலிருந்து கிளம்புவதற்கு முன் இதே கோயிலில் நம் மாரியம்மனிடம் வந்து, "எங்கள ஒண்ணாக் கொண்டுபோயி ஒண்ணாக் கொண்டு வந்துரு தாயே" என்று மட்டும் கேட்டேன்.

அந்த ஊரைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்து வீட்டு ரூத் என்ற பெண் முதல் வாரமே சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய மகளும் தர்ஷினியும் மொழி புரியாமலேயே விளையாடினார்கள். கொஞ்ச நாளில் தர்ஷினி அவர்கள் பாஷையைப் பேச ஆரம்பித்து, எனக்கே சொல்லிக் கொடுத்தாள். ஆனால் வெளியே போக ஒரே சாலை. அந்தச் சாலையில் ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். ஒவ்வொரு மழைக்கும் நான் அந்தப் பாலத்தைத்தான் நினைப்பேன். கணவரிடம் சொன்னால் சிரிப்பார்.

இரண்டாவது வருடம் மழைக்காலத்தில் தர்ஷினிக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தேன், இறங்கியது. விளையாடப் போய்விட்டாள். மறுநாள் நடுக்கத்தோடு திரும்ப வந்தது. மறுபடி இறங்கியது. தோட்டத்துச் சுகாதாரப் பணியாளர் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார், மழையில் அவரும் திரும்ப முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அவளுக்கு வலிப்பு வந்தது.

என் கணவர் ஆலையிலிருந்து ஓடி வந்தார். போன் வேலை செய்யவில்லை. ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றார். முழுக்க நனைந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பாலம் இல்ல வாணி."

"நீந்திப் போங்க!"

"மரத்தையே இழுத்துட்டுப் போவுது. எப்படி நீந்துறது?"

அதுவரை என் கணவர் பயந்து நான் பார்த்ததில்லை.

அதற்குள் ரூத் வந்துவிட்டாள். தர்ஷினியின் கால்களைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தன் சாமியிடம் சத்தமாக வேண்ட ஆரம்பித்தாள். அடுப்படிப் பலகையில் நான் மாரியம்மன் படம் வைத்திருந்தேன். அதைப் பார்த்தேன். கும்பிட வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மழையும் நீதான், காய்ச்சலும் நீதான்!" என்று கத்தினேன். "ரெண்டையும் நீயே அனுப்பிச்சா நான் யாருகிட்ட போவேன்? சொல்லு! வேற யாரு இருக்கா எனக்கு இங்க?"

நேர்ந்துகொள்ளவில்லை. அது செய்கிறேன், இது செய்கிறேன் என்று எதுவும் சொல்லவில்லை. திட்டினேன். அவ்வளவுதான். பெற்ற தாயிடம் எப்படிக் கத்துவோமோ அப்படிக் கத்தினேன். ரூத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, தானும் குரலை உயர்த்தினாள்.

அப்போதுதான் சாலைப் பக்கம் இரும்புச் சங்கிலி உருளும் சத்தம் கேட்டது.

மண் தோண்டும் எக்ஸ்காவேட்டர் அது. மாதக்கணக்கில் மேலே மலைச்சரிவில் புது நிலம் திருத்திக்கொண்டிருந்தது. மழையில் அங்கே வேலை செய்ய முடியாமல் அன்று காலையில்தான் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டியவர் ரூத்தின் தம்பி ஐசக். சகோதரிகளே, நன்றாக யோசித்துப் பாருங்கள். பாலத்தை எடுத்துக்கொண்டு போனதும் மழை. அந்த இயந்திரத்தை எங்கள் வாசலுக்கு இறக்கி அனுப்பியதும் அதே மழை. இதற்கு நான் என்ன பெயர் வைப்பேன்?

ரூத் மழையில் ஓடிப்போய் இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஐசக் இறங்கி வந்து பிள்ளையைப் பார்த்தான். ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தான். மேனேஜரிடம் கேட்கவில்லை. "கீழ்ப்பக்கம் பாறை இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அம்மாவும் பிள்ளையும் மட்டும் வரட்டும். மூன்று பேருக்கு மேல் இடம் இல்லை" என்றான். என் கணவர் தர்ஷினியை ஒரு துப்பட்டியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கரையில் நின்றுவிட்டார்.

அந்த ஆற்றைக் கடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இருக்கைக்குப் பின்னால் ஒடுங்கி நின்றுகொண்டு பிள்ளையை மார்போடு அணைத்திருந்தேன். தண்ணீர் இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரத்தை மூடியது. பிறகு என் காலடிக்கு வந்தது. நடு ஆற்றில் இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஐசக் அதன் நீண்ட கையை வீசி, தண்ணீருக்கடியில் பாறையில் ஊன்றினான். கிழவர் தடி ஊன்றுவது போல ஊன்றி, நகர்ந்து, மறுபடி ஊன்றினான். ஒவ்வொரு ஊன்றலுக்கும் நான் "தாயே" என்றேன். தர்ஷினியின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. மூச்சு சுடுகிறது, அப்படியென்றால் பிள்ளை இருக்கிறாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் காய்கறி ஏற்ற வந்த ஒரு லோரி, பாலம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த லோரிக்காரர் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இரத்தத்தைச் சோதித்துவிட்டு மலேரியா என்றார்கள், மூளை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். ஊசி மேல் ஊசி. அவள் கண் திறக்கவே இல்லை. என் கணவர் கயிறு கட்டி ஆற்றைத் தாண்டி வந்து சேரும்வரை நான் கட்டிலின் கம்பியை விடவில்லை. மறுநாள் மதியம் அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"அம்மா, ரொட்டி சானாய் வேணும்."

அந்த நாட்டில் நம் ஊர்ப் பரோட்டாவுக்கு நான் எங்கே போவேன்? அங்கேதான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது. நர்ஸ் பயந்து ஓடி வந்தாள். பிள்ளை சாப்பாடு கேட்கிறாள் என்று சொன்னதும் அவளும் சேர்ந்து அழுதாள்.

தீபாவளிக்கு முன் ஊர் திரும்பிவிட்டோம். வேலையை விட்டுவிட்டு வந்தோம். ரூத்தைக் கட்டிப் பிடித்தபோது, "திரும்பி வருவாய்" என்றாள். வரமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இங்கே கம்போங் குவாந்தான் போகும் சாலையில் வாடகைக்கு வீடு பிடித்தோம். நான் ரவாங்கில் ஒரு பேக்டரிக்குப் போக ஆரம்பித்தேன். என் கணவர் பாசிர் பெனம்பாங்கில் மீன் லோரி ஓட்டினார். பாய்லர் முன்னால் நின்ற மனிதர் ஐஸ் பெட்டி தூக்கினார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டில் அவர் பேசுவது குறைந்துவிட்டது.

பிள்ளை பிழைத்துவிட்டாள். பயம் மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. மழை கூரையில் விழுந்தால் போதும், தர்ஷினியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்க முடியாமல் கை மரத்துப்போகும். ஒரு கொசுவைப் பார்த்தால் வீட்டையே கவிழ்ப்பேன். "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லமா, பிளீஸ்" என்று பிள்ளையே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

இந்த நிலையில்தான் இந்த வருடத் தொடக்கத்தில் அந்த ஆலையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. என் கணவரையே திரும்பக் கேட்டார்கள். இரும்புப் பாலம் போட்டாயிற்று என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்தச் சந்நிதியில் நின்று நான் வேண்டியது ஒன்றுதான். "அந்த வேல வேற யாருக்காவது போயிரட்டும் தாயே. எங்கள இங்கயே வெச்சிரு. இங்கதான் நாங்க பத்திரமா இருப்போம்."

தாய் என்ன செய்தாள் தெரியுமா? என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்டில் இல்லை, இங்கே, என் வீட்டில். டிங்கி, கொசுவால் வருவது. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரத்தத்தில் பிளேட்லெட் ஒவ்வொரு சோதனையிலும் இறங்கிக்கொண்டே போனது. ஈறில் இரத்தம் கசிந்தது. இங்கே பாலம் இருந்தது, தார்ச்சாலை இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள். அதே பயம், அதே கட்டில் கம்பி.

பேக்டரி உடுப்போடு கோயிலுக்கு ஓடி வந்தேன். நண்பகல். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை எனக்குக் கத்த வரவில்லை. "எங்க பத்திரம்னு ஒனக்குச் சொல்லிக் கொடுக்க நான் யாரு?" என்றேன். "அவரு ஒன் புள்ள. நானும் ஒன் புள்ள. எங்க வெச்சாலும் நீ கூட இரு. அது போதும்." அதைச் சொன்னதும் பல மாதங்களாக இறுகிக் கிடந்த என் தோள்கள் தளர்ந்தன. பயம் போகவில்லை. ஆனால் அதைச் சுமக்க இன்னொருத்தி வந்தது போல இருந்தது.

மறுநாள் சோதனையில் பிளேட்லெட் இறங்குவது நின்றது. அதற்கு அடுத்த நாள் ஏறியது. ஆடியில் பால்குடம் எடுத்து நான் அழுதது இதற்காகத்தான். கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே என் கணவர் சொன்னார், "கொசுவுக்குப் பாஸ்போட் வேணாம் போல வாணி."

பல மாதங்களுக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் நானே கேட்டேன்.

"அந்த வேல இன்னும் இருக்குங்களா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நெசமாத்தான் கேக்குறியா?"

"கேக்குறேன். ஆனா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம் வேணும். ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம். தர மாட்டேன்னா நான் வர மாட்டேன்."

அப்படியே கேட்டு அனுப்பினார். பதிலுக்காகக் காத்திருக்கிறோம். ஒத்துக்கொண்டால் முதலில் அவர் போவார், பள்ளித் தவணை முடிந்ததும் நாங்களும் போவோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் இங்கேயே இருப்போம். எந்தப் பதில் வந்தாலும் அது தாயின் வாயிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் மழை பெய்தால் நான் எழுந்துபோய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

சகோதரிகளே, உங்களில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பயத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பயந்துகொண்டே வாருங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு வாருங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டுங்கள். என்னைப் பொறுத்துக்கொண்டவள் உங்களையும் பொறுத்துக்கொள்வாள்.