அட்டை சார் தரையில் படுக்கிறார்

முதலில் காலணிகளைக் கழற்றிச் சுவரோரம் வைக்கிறார். காலுறைகளைச் சுருட்டி அவற்றுக்குள் திணிக்கிறார். மூக்குக் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டு ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஆசிரியர் அறையின் நடுவே மல்லாந்து படுக்கிறார்.

"நான் விழுந்துட்டேன்மா. ஆரம்பிங்க."

அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த இசை டீச்சர் தேநீர்க் கோப்பையும் கையுமாக விழித்தார். "ஐயோ, எழுந்திருங்க சார். யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"விழுந்துட்டார்னு நினைப்பாங்க. வேற என்ன நினைக்கிறது? ஆனா விழுந்தது நான் இல்ல, நீங்க. உங்களுக்காகத்தான் நான் படுத்திருக்கேன். உங்க அட்டை எங்க?"

"மருத்துவக் காப்பீட்டு அட்டையா? அது இன்னொரு கைப்பையில இருக்கு சார். வீட்ல."

"அப்ப நீங்க வீட்லதான் விழணும். அடுத்த தடவை பாப்போம்."

சொந்த நாட்டை விட்டு வந்து இந்தப் பள்ளியில் பாடம் நடத்தும் எவரும் இந்த ஒத்திகைக்குத் தப்பியதில்லை. அட்டையை எடுக்க வேண்டும். எண் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி நீட்ட வேண்டும். எந்த மருத்துவமனை அதை ஏற்கும் என்று யோசிக்காமல் சொல்ல வேண்டும். பிறகு உதவி எண்ணைக் கைபேசியில் தட்டி, பச்சைப் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அழுத்தக் கூடாது. "அழுத்தினா ஆம்புலன்ஸ் வண்டி வந்து நிக்கும். அப்புறம் நான் நெஜமாவே விழணும்."

இத்தனைக்கும் அவர் இயற்பியல் ஆசிரியர். காப்பீட்டைக் கவனிக்கப் பள்ளியில் தனி அலுவலகம் உண்டு. அங்கே கையெழுத்துப் போடப் போகிறவர்களைப் படிக்கட்டிலேயே மடக்கிவிடுவார். "மூணு வழி இருக்கு. அவசரப்படாதீங்க" என்று தொடங்குவார். "பள்ளிக்கூடம் குடுக்கிறது வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. நல்லவர்தான், ஆனா இந்த நாட்டு வாசலைத் தாண்ட மாட்டார். எல்லா நாட்டுக்கும் சேர்த்து எடுக்கிறது கூடப்பிறந்த அண்ணன். எங்க போனாலும் பின்னாலயே வருவார், ஆனா பழைய வியாதி எதையும் அவர்கிட்ட மறைக்கக் கூடாது. மறைச்சது தெரிஞ்சா கைய விரிச்சிடுவார். மூணாவது பயணத்துக்கு மட்டும் எடுக்கிறது. அது ஒண்ணுவிட்ட சித்தப்பா. போட்டோவுக்கு நிப்பார், பாத்திரம் தூக்க வரமாட்டார். கால் ஒடிஞ்சாப் பாப்பார். ரொம்ப நாளா இருக்கிற சர்க்கரைன்னா, 'நீ யாரு'ன்னு கேப்பார்."

கேட்பவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேலை பாக்கிற இடத்துல யாரும் விழுறதில்லம்மா. அங்க விழ நேரமில்ல. லீவுலதான் விழுவாங்க. அண்ணனை எடுங்க" என்பார்.

தலைக்கு வைக்கும் அந்தக் கோட்டு அவருடையதல்ல. பைக்குக் கீழே ஊதாக் கறை ஒன்று இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்கச் செல்களுக்கு ஏற்றும் சாயம். எத்தனை துவைத்தாலும் போகாது. அவர் மனைவி அதே பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். இருவரும் வீட்டோட மாப்பிள்ளையைத்தான் எடுத்திருந்தார்கள். ஒரு விடுமுறையில் ஊரில் இருந்தபோது மனைவிக்கு இடது கை மரத்துப்போவதும் சரியாவதுமாக இருந்தது. "ஸ்கூல் திறந்ததும் அங்க போய்க் காட்டிக்கலாம். இங்கதான் அட்டை செல்லாதே" என்றார் மனைவி. வெளிநாட்டில் பாடம் நடத்துகிறவர்கள் உடம்பைப் பற்றிப் பேசும் முறையே அதுதான். சாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளி திறந்தபோது சார் ஒருவர்தான் திரும்பி வந்தார்.

அதன் பிறகுதான் தரையில் படுக்கத் தொடங்கினார். இப்போது ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவர் அட்டை சார். அவருடைய அட்டை சட்டைப் பையில், பேனாவுக்குப் பின்னால், எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஒத்திகையில் அது வெளியே வந்ததே இல்லை. அங்கே விழுவது எப்போதும் வேறு யாரோ.

இசை டீச்சர் அட்டை இல்லாமல் மாட்டிக்கொண்ட அன்று சாரின் மகளும் அந்த அறையில் இருந்தாள். அப்பாவைப் பார்க்கச் சில நாள் விடுப்பில் வந்திருந்தாள். பாலங்களில் கருவி பொருத்தி, கண்ணுக்குத் தெரியாத அசைவுகளை அளப்பது அவள் தொழில். அப்பா முன்பெல்லாம் தரையிலிருந்து ஒரே உந்தில் எழுவார். அன்று முதலில் நாற்காலிக் காலைப் பிடித்தார். பிடித்தபடி சற்று இருந்துவிட்டு எழுந்தார். அவள் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, அப்பா பாத்திரம் கழுவும்போது கேட்டாள். "எப்பலேர்ந்து நாற்காலியப் பிடிச்சு எழுந்திருக்கிறீங்க?"

"தரை கொஞ்சம் கீழ போயிடுச்சும்மா."

"படி ஏறுறப்போ நடுவுல நின்னீங்க."

"ஜன்னல் வழியா வேடிக்கை பாத்தேன்."

"அந்தப் படியில ஜன்னலே இல்லப்பா."

கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார். "வாயுதான். இங்கத்த டாக்டர்கிட்ட போய், நெஞ்சப் பிசையுதுன்னு எப்படிச் சொல்றது? மாவான்னு கேப்பார். நம்ம டாக்டர்னா நம்ம பாஷையில சொல்லிக்கலாம். என் அட்டைதான் இப்ப எல்லா இடத்துலயும் செல்லுமே. லீவுக்கு ஊருக்கு வர்றப்போ பாத்துக்கலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. குழாயை மூடினார். ஈரக் கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குக் கிளம்பணுமே. பெட்டி கட்டிட்டியா?" என்றார்.

"நீங்க டாக்டரைப் பாக்காம நான் கிளம்பல."

"பிடிவாதம். அப்படியே உங்கம்மா" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்காமல் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தலைவலி, சீக்கிரம் வகுப்பு, மழை வரும்போல் இருக்கிறது என்று மூன்று காரணம் சொல்லிப் பள்ளிக்கே புறப்பட்டார். அவளும் கூடவே போனாள். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் இசை டீச்சர் எதிரே வந்தார். கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றில் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்.

"சார், கொண்டு வந்துட்டேன். இன்னைக்கு விழுங்க."

"இன்னைக்கா? வகுப்பு இருக்கேம்மா."

"ஏன் சார், தேர்வு வைக்க வாத்தியாருக்கே பயமா?"

மகள் முன்னால் மறுக்க அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. காலணிகள், காலுறைகள், கண்ணாடி, கோட்டு. வழக்கத்தைவிட மெதுவாகப் படுத்தார். "விழுந்துட்டேன். ஆரம்பிங்க."

டீச்சர் வெளுத்து வாங்கினார். எண் பக்கம் மேலே. மருத்துவமனையின் பெயர், எந்த வாசல், எந்த மாடி. உதவி எண்ணை மனப்பாடமாகத் தட்டினார். விரல் பச்சைப் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. நின்றவர் காதைச் சற்றுத் தாழ்த்தினார். பாட்டுக் கேட்டுப் பழகிய காது.

"சார், என்ன மூச்சு இப்படித் தாளம் தப்புது?"

"நடிக்கிறேன்… மா."

"நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே."

"நல்லா… நடிக்கிறேன்."

டீச்சர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். இது நடிப்பில்லை என்று மகள் தலையசைத்தாள்.

டீச்சர் பொத்தானை அழுத்தினார்.

"என்ன பண்றீங்க! அதை அழுத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அது நான் விழுந்தா சார். இப்ப விழுந்தது நீங்க."

மறுமுனையில் ஒரு பெண் குரல் நிதானமாகப் பேசியது. டீச்சர் பள்ளியின் முகவரியைச் சொன்னார், மாடியைச் சொன்னார். பிறகு கைபேசியைக் கையால் மறைத்துக்கொண்டு, "வண்டி அனுப்பிட்டாங்களாம். விழுந்தவரோட அட்டை எண் கேக்குறாங்க சார்" என்றார்.

"வேணாம்னு சொல்லுங்க. ஒண்ணுமில்ல. வாயு. நான் லீவுக்கு…"

வாக்கியம் அங்கேயே நின்றது.

மகள் தரையில் அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். கோட்டு ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதை இழுத்து அவர் தலைக்குக் கீழே சரிசெய்தாள். ஊதாக் கறை அவர் காதோரம் வந்தது. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். கைபேசியில் அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை மட்டும் சட்டைப் பைக்குப் போனது. பேனாவை ஒதுக்கி, இரண்டு விரலால் அட்டையை உருவி, எண் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, நீட்டினார்.