சீனாவுக்குப் போன என் முதுகு

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது தங்கச்சியின் பிள்ளை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்து மெல்லத்தான் வரும். அவசரப்பட வேண்டாம்.

டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மேலறையில் ஒரு சீனப் பிள்ளை வாடகைக்கு இருக்கிறாள். அவளுடைய ஊர் யூனிவர்சிட்டி ஒரு வருடம் படிக்க இங்கே அனுப்பியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அவள் அங்கே தன் வாத்தியாருக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும், அரசியல் பாடம் தன் மனதை எப்படி மாற்றியது என்று. அங்கே ஆளும் கட்சியில் சேர எழுதிக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அது கட்டாயமாம். சேர்ந்தால் அரசாங்க வேலைக்கு வழி திறக்கும். தகப்பன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன அறிக்கையை வாத்தியார் திருப்பி அனுப்பிவிட்டார். புத்தகத்தில் உள்ளதை எழுதியிருக்கிறாய், கண்ணால் கண்ட உதாரணம் எங்கே என்று கேட்டாராம். அதனால் என்னிடம் வந்தாள். பேத்தி நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடம் நிலம் துடைத்ததைச் சொன்னேன். யூனியனோடு வேலையை நிறுத்தி, குளிரில் வாசலில் நின்றதையும் சொன்னேன்.

"ஆர் அனுமதி தந்தது எண்டு கேக்கிறா, அம்மம்மா."

"அனுமதியோ? நாங்கள்தான் கை உயர்த்தினனாங்கள். டெனிஷ்காரி, துருக்கிக்காரி, நான், எல்லாரும்."

சீனப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தாள். தங்கள் பாடம் முழுக்கத் தொழிலாளியைப் பற்றித்தானாம். ஆனால் இப்படி நின்ற ஒருத்தியைத் தான் கண்டதில்லையாம்.

இரண்டு நாள் கழித்து அறிக்கையோடு வந்தாள். அவள் விளக்க, பேத்தி தமிழில் சொன்னாள். அதில் நான் ஒரு ஏழைக் கிழவி. நாடில்லை, துணையில்லை, பணக்காரரின் நிலத்தைத் துடைத்துத் துடைத்து முதுகு வளைந்துவிட்டது. வாசலில் நின்ற கதையைக் காணவில்லை.

"என்ர முதுகு எப்ப வளைஞ்சது? இஞ்சை பார், நேராத்தான் நிக்கிறன்."

பேத்தி சிரித்தாள். சீனப் பிள்ளை சிரிக்கவில்லை. ஏதோ மெல்லச் சொன்னாள்.

"வேலை நிறுத்தினதை எழுதினா ஏன் எழுதினனீ எண்டு கேப்பினமாம். நீங்கள் நல்லா இருக்கிறியள் எண்டு எழுதினா அறிக்கை திரும்பி வந்திடுமாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க அதுவும் போய், களைப்புத்தான் மிஞ்சியது. அது பழைய களைப்பு.

ஊரில் துவக்கோடு திரிந்த இயக்கப் பெடியள் அரசியல் வகுப்பு வைத்த காலம். வாசிகசாலையில் பாய் விரித்து எங்களை இருத்தினார்கள். அடக்குமுறைக்கு உங்கள் வீட்டிலிருந்தே உதாரணம் சொல்லுங்கோ என்றார்கள். கெட்டிக்காரி என்று பெயரெடுக்க நான் முதல் ஆளாய் எழும்பினேன். தோட்ட வேலைக்கு வருகிறவருக்கு என்னைப் பெற்ற ஐயா கோப்பையில் தராமல் சிரட்டையில் தேத்தண்ணி கொடுப்பதைச் சொன்னேன். சொன்னது உண்மை. ஐயா செய்தது பிழை. ஆனால் நான் அந்த மனிசனுக்காகச் சொல்லவில்லை, கைதட்டுக்காகச் சொன்னேன். ஐயாவைக் கூப்பிட்டு ஊருக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். சிரட்டையில் குடித்தவரிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. சாகுமட்டும் ஐயா என் கையால் தேத்தண்ணி வாங்கவில்லை.

ஆகவே இவளுக்கு நான் என்ன புத்தி சொல்ல?

"அனுப்பு பிள்ளை" என்றேன்.

அனுப்பினாள். வாத்தியார் நல்லது என்று பதில் போட்டாராம். ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மேலே போனாள். பழம் இன்னும் அப்படியே இருக்கிறது. உரிக்க மனமில்லை.

எங்கேயோ ஒரு கோப்புக்குள் முதுகு வளைந்த ஒருத்தி இருக்கிறாள். போய் அவளை நிமிர்த்த எனக்குக் காலுமில்லை, மொழியுமில்லை. அதனால் மூன்று கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் இருந்து இதை எழுதினேன். நான் நின்றது நின்றதுதான். ஐயாவுக்குச் செய்ததையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்தது மறந்திருக்காது, இங்கே வா, என் பேத்திப் பிள்ளை. டெலிபோனை அங்காலை வை. முதலிலிருந்து வாசி. எழுத்துப் பிழையை விடு. பொய் எங்கேயும் இருந்தால் அந்த இடத்தில் நிறுத்து.