நாலு ஓட்டைக் கதவு

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற வழியில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ரெங்கம்மா என்றால் நாலு பேருக்குத்தான் தெரியும். பூட்டுக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். பேர் வைத்தவன் மாரிசாமி கங்காணி. வசவாகத்தான் வைத்தான். அவளோ, "ஆமா, பூட்டுக்காரிதான், என்னாங்க?" என்று நிமிர்ந்து கேட்பாள்.

திருச்சிப் பக்கமிருந்து ஒன்பது வயதில் தோணியில் கடல் தாண்டி, இலங்கை மலைக்குக் கால்நடையாக வந்து சேர்ந்தவள். கொழுந்துக் கூடையோடு வளர்ந்தாள், கல்யாணம் கட்டினாள், புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள். மிச்சம், பதினைந்து வயது மகள் ஜெயலெட்சுமி ஒருத்திதான்.

கதவைத் தட்டுகிற வழக்கமே கங்காணிக்குக் கிடையாது. விடியக்காலையில் தப்புப் பறை அடித்ததும், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கதவுகளைக் காலால் தள்ளிக்கொண்டே போவான். உள்ளே பொம்பளை எந்தக் கோலத்தில் கிடந்தால் அந்த மகராசனுக்கு என்ன? 1911 மாசியில் ஒருநாள், காய்ச்சலில் கிடந்த ஜெயலெட்சுமியின் கம்பளியைப் பிடுங்கி எறிந்து, தூறலில் பெரட்டுக் களத்துக்கு விரட்டினான். ஆள் கணக்கெடுக்கும் முன்பே பிள்ளை சுருண்டு விழுந்தது.

ரெங்கம்மா மகளைத் தூக்கிவந்து படுக்கவைத்தாள். இனி இந்தக் கதவை எவனும் கேட்காமல் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு நடந்துபோய், பூட்டு வேலை செய்யும் இத்ரூஸ் நானாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

அவர் கதவை விரலால் சுண்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். தேயிலைக்கு முந்தின காப்பிக் காலத்து லயம் அது. கதவு வெறும் பெட்டிப் பலகை, அரை அங்குலம் கூடத் தேறாது.

"இது கதவா புள்ள, பப்படமா? ஆணி அடிச்சா அங்கால எட்டிப் பாக்கும். ஒரு தள்ளுத் தள்ளினா பூட்டு கழண்டு வந்துரும்."

"அதுக்குத்தானே நானா ஒங்களைக் கூட்டியாந்தேன்."

கதவில் நாலு ஓட்டை போட்டார். உட்பக்கம் ஒரு தடித்த பலகையை வைத்து அதன்மேல் பூட்டை அமர்த்தினார். வெளியே ஓர் இரும்புப் பட்டை. உருண்டைத் தலை வைத்த நாலு போல்ட்டை வெளியிலிருந்து நுழைத்து, உள்ளே நட்டுப் போட்டு முறுக்கினார்.

"வெளிய நிக்கிறவனுக்குப் பிடிச்சுத் திருக ஒண்டும் இல்ல. பூட்டு அசையாது. கதவுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

மறுநாள் விடியற்காலை ரெங்கம்மா பெரட்டுக்கு வந்தாள், மகள் வரவில்லை. கேட்டதற்கு, "அவளுக்கு இன்னும் காய்ச்சல் விடல" என்றாள். கங்காணி விறுவிறுவென்று லயத்துக்கு இறங்கினான். ரெங்கம்மாவும் விடாமல் பின்னாலேயே போனாள். கதவைத் தள்ளினான், நகரவில்லை. உள்ளே ஜெயலெட்சுமி சாவியைத் திருப்பி வைத்திருந்தாள்.

"தோட்டத்துக் கதவுல யாரைக் கேட்டுடி ஓட்டை போட்ட? தொரைகிட்ட சொல்லி ஒன்ன தோட்டத்தை விட்டே ஓட்டுறேன் பாரு!"

"சொல்லுங்க. நானும் சொல்றேன்."

ஓங்கி ஒரு உதை விட்டான். பலகை பிளந்தது. கால் முழங்கால்வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. பூட்டு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பெரட்டுக் களத்தில் கங்காணியைக் காணாமல் குதிரையில் தேடி வந்த வெள்ளைக்காரத் தொரை, ஒற்றைக் காலில் நிற்கிறவனைத்தான் கண்டார். லயமே வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

ரெங்கம்மா வாயைத் திறந்தாள். "தொரைகளே, தோட்டத்துக் கதவுல நாலு ஓட்டை போட்டது நான்தாங்க. அஞ்சாவது ஓட்டை கங்காணியார் போட்டது. எது பெரிசுன்னு நீங்களே பாருங்க."

தொரைக்கு அவள்மேல் இரக்கமா? மண்ணாங்கட்டி. கதவு தோட்டத்துச் சொத்து, அதுதான் அவருக்கு வலித்தது. தடித்த பலாப் பலகையில் புதுக் கதவு போடவும், அதே பூட்டை அதில் மாட்டவும், தோட்டத்துக் கதவை இனி எவனும் காலால் தொடக் கூடாதென்றும் உத்தரவு போட்டார்.

புதுக் கதவு வந்த மறுநாள் தப்பு அடித்தது. கங்காணி வந்து கதவுக்கு முன்னால் நின்றான். பழக்கத்தில் காலைத் தூக்கியவன், மெல்ல இறக்கினான். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

"யாரு?" என்றாள் ரெங்கம்மா உள்ளேயிருந்து.

அவன் குரல் தெரியாத கைப்பிள்ளை கூட அந்த லயத்தில் கிடையாது.

"நான்தான்... மாரிசாமி."

"செத்த இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மகளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.