வலது முட்டியில் பட்டை

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் கபடி வீரர் அவர். தடித்த கழுத்து, ஓயாத சிரிப்பு. இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து, என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். ஒருநாள் வலது முட்டியில் பட்டை கட்டியிருந்தார். வலியே பொய்யோ என்று சந்தேகப்பட்டேன்.

"என்ன சார், கால் மாறிப்போச்சா?"

"பட்டை கட்ன காலத்தான் மேடம் எதிர் டீம்காரனுங்கோ பாய்ஞ்சு புடிப்பானுங்கோ. அத்தான் நல்ல கால்ல கட்டிக்கினு கீறேன்."

"அப்போ ஞாயிற்றுக்கிழமை உங்க டீம் மேட்ச்ல ஆடப் போறீங்க!"

"சேச்சே!"

இடது காலில் மட்டும் குதிக்கச் சொன்னேன்; முட்டி உள்பக்கம் மடங்கியது. இப்போது ஆடினால் மறுபடி கிழியும், அதோடு கபடியை மறந்துவிடலாம் என்றேன். உடனே தலையாட்டினார். அந்த வேகம்தான் உறுத்தியது.

ஞாயிறன்று கவரைப்பேட்டை மைதானத்துக்கே போனேன். பார்வையாளர் வரிசையிலிருந்து கையசைத்தார். சட்டைக்குள் அணியின் பனியன் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் முடியும்வரை நானும் எழுந்திருக்கவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை.